ஆற்றில் இரங்காதீர்

ஆற்றங்கரைப் பூங்காவில் வைத்த அந்தப் பலகையை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தவன் நான்தான். பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. தண்ணீரில் பாய்கிற ஓர் ஆளின் படம், அவன் மேல் சிவப்பாக ஒரு குறுக்குக்கோடு. அடியில் கொட்டை எழுத்தில் 'ஆற்றில் இரங்காதீர்' என்றிருந்தது.

நான் பாடப் புத்தகங்கள் அச்சாகும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஓர் எழுத்து தவறான இடத்தில் உட்கார்ந்திருந்தால் செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல எனக்கு அது உறுத்தும். சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குக் கை தானாகப் போயிற்று.

"கையை எடு," என்றாள் பின்னால் வந்த அக்கா.

"இல்லக்கா, 'இறங்காதீர்'னு வரணும். சின்ன ர போட்டுட்டான்."

"எனக்கும் படிக்கத் தெரியும்."

ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் ஊன்றுகோல் வழுக்கும் என்பதால் நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பாவம் பாக்காதீங்கன்னு எழுதி வச்சிருக்கான்டா. பெயின்ட் அடிச்சு, கம்பம் நட்டு, எனக்காகவே வச்சிருக்கான். நீ இதைத் தொட்ட, உன் பேனாவை ஒடிச்சு ஆத்துல போட்டுருவேன்."

அக்காவுக்குக் குழந்தையில் வந்த காய்ச்சல் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த கவசம் மாட்டித்தான் நடப்பாள். நடப்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை, பழகிவிட்டது. அவளால் பழகிக்கொள்ள முடியாதது ஒரே ஒரு சொல். பாவம். பேருந்தில் ஏறினால் யாராவது எழுந்துகொண்டே அதைச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சொல்வார்கள். அவள் நடத்தும் தையல் கடையில் ஒருமுறை ஒரு பெண், "பாவம், நீங்க எந்திரிக்காதீங்க, நானே எடுத்துக்கறேன்" என்று அலமாரியைத் திறந்து வேறு யாருடைய ரவிக்கையையோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவம் பார்த்தவளுக்கு அது பொருந்தவும் இல்லை. "கை நுழையலையாம், திருப்பிக் கொண்டாந்து எங்கிட்டயே சண்டை போடறா," என்று அக்கா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சொல் வராத ஓர் இடம் ஆறு. பூங்கா வருவதற்கு முன் அந்தக் கரை முழுக்கக் கிடங்குகளின் முதுகுப்புறம். துருப்பிடித்த தகரத்துக்கும் முள்செடிக்கும் நடுவே கல் படித்துறை ஒன்று இருந்தது. காலையில் அக்கா கடைசி ஈரமில்லாத படியில் உட்கார்ந்து வார்களை அவிழ்ப்பாள். கவசத்தையும் கோலையும் என்னிடம் கொடுப்பாள். கையை ஊன்றி இரண்டு படி நகர்ந்தால் தண்ணீர். அதன் பிறகு நான் பார்ப்பது வேறு ஓர் ஆளை. வாழ்நாள் முழுக்க உடம்பைச் சுமந்த தோள்கள் அவளுடையவை. ஆறு அங்கே அகலமாகி மெதுவாகத்தான் போகும். அதை அவள் கத்தரி துணியை வெட்டுவது போல வெட்டிக்கொண்டு போவாள். நான் படியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன், அல்லது படிப்பது போல மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளாமல் இருக்கிற நேரம் அது. எனக்கு அது போதும்.

இன்னொருவரும் வருவார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மல்லாந்துதான் நீந்துவார், பின்பக்கமாகவே போவார். அக்கா அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் வீட்டிலேயே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

பிறகு கிடங்குகளை இடித்தார்கள். பூங்கா வந்தது. குறை சொல்வதற்கில்லை, நல்ல பூங்காதான். நடப்பதற்குச் சிவப்புத் தடம், சைக்கிளுக்கு நீலத் தடம். சக்கர ஸ்கேட்டுக்கு வட்டமான ஒரு களம். தரையிலிருந்து திடீரென்று தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் குழந்தைகள் கத்திக்கொண்டே இருக்கும். மேசையிலேயே கட்டம் வரைந்த சதுரங்க மேடைகள். எங்கும் போகாமல் காற்றிலேயே நடக்க வைக்கும் இரும்பு உடற்பயிற்சி எந்திரங்கள். மிதித்து ஓட்டும் அன்னப் படகுகள். பூந்தொட்டிகளுக்குள் ஒளித்துவைத்த ஒலிபெருக்கிகளில் மெல்லிசை. சக்கர நாற்காலி ஏறிப் போகச் சாய்தளம், அது போய் முடிகிற இடத்தில் கண்ணாடித் தடுப்போடு ஒரு பார்வை மாடம். அங்கே நின்று ஆற்றைப் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும். ஆறு முழுவதும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"பாத்ரூம் நல்லா கட்டியிருக்கான்," என்றாள் அக்கா. "அதை ஒத்துக்கணும்."

பழைய படித்துறையை மட்டும் இடிக்கவில்லை. புராதனமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் போல. முன்னால் இடுப்பளவு ஒரு கதவு, கொக்கி மட்டும், பூட்டு இல்லை. பக்கத்தில் அந்தப் பலகை.

முதல் நாள் அக்கா கொக்கியைத் தூக்கியதுமே விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரன். சீருடை கொடுத்த அன்றே கால்சட்டை இடுப்பைப் பிடிப்பதற்கு அக்காவின் கடைக்கு வந்தவன்.

"அம்மா! எறங்கக் கூடாது! போர்டு பாக்கலையா?"

"பாத்தேன் தம்பி. நீ பாத்தியா?"

"தெனம் அதுக்குக் கீழதான் நிக்கறேன்."

"எங்க, படி."

"ஆற்றில் இறங்காதீர்."

"வாய்ல சரியாத்தான் வருது. எழுதியிருக்கறத படி."

அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன சார் சொல்றாங்க?"

"அதுல இருக்கற ர வேற," என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"காதுக்கு ஒண்ணுதான். எழுதினா அர்த்தம் மாறிடும். இது, பாவம் பாக்காதேங்கற இரங்காதே."

அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "ஆத்துல போய் யாரு யாரைப் பாவம் பாக்கறது?"

"அப்படிக் கேளு," என்றாள் அக்கா. "நான் இங்க யாரையும் பாவம் பாக்கல. நீயும் என்னைப் பாக்காதே. ரெண்டு பேரும் போர்டு சொன்னபடி நடந்துக்கிட்டோம். உன் வேலையும் கெடல, என் குளியலும் கெடல. அந்தப் பக்கம் யாரோ பூவைப் பறிக்கறாங்க, போய் அவங்கள மெரட்டு."

"மேற்பார்வையாளர் கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"பேன்ட் இடுப்பு சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப போ."

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. நாங்கள் வந்ததும் அவன் ஸ்கேட் களத்தைப் பார்த்து நின்றுகொண்டு, கடமைக்கு ஒரு விசில் ஊதுவான். அக்கா இறங்குவாள். ரிவர்ஸும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இறங்குவார். அச்சகத்தில் நாள் முழுக்க ரகரங்களைத் திருத்துகிறவன் காலையில் ஒரு தவறான ரகரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். கை அரித்தது. பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினேன்.

ஒருநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார்.

அவருடைய அறை படகுத்துறைச் சீட்டுக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தது. மேசை முழுக்கப் பூங்காவின் மாதிரி. தீக்குச்சித் தலை அளவுக்கு மனிதர்கள், பஞ்சு மரங்கள். ஆற்றுக்கு நீலக் கண்ணாடி. கண்ணாடியின் மேல் அன்னங்கள் ஒட்டியிருந்தன. தண்ணீரில் ஒரு மனிதன்கூட இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. அக்காவைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். "பாவம், இவங்கள எதுக்குப்பா இவ்வளவு தூரம் நடக்க வச்சே?" என்று காவலாளியைக் கடிந்துகொண்டார். அக்காவின் கன்னத்தில் ஒரு தசை இழுபடுவதை நான் பார்த்தேன்.

"உக்காருங்க மேடம். நானே பாத்தேன், மாடத்துல இருந்து. நீங்க நீந்தறத. எனக்கு மனசே கேக்கல. மேலிடத்துல பேசிட்டேன். ஒருத்தர் எறங்கினா எல்லாரும் எறங்குவாங்க, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு கத்தினாங்க. நான் விடல. உங்களுக்கு மட்டும் சிறப்பு அனுமதி வாங்கியிருக்கேன்."

நான் மூச்சை விட்டேன்.

"டாக்டர்கிட்ட கால் பத்தி ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. இரக்க அடிப்படையில குடுக்கறது. காலைல நம்ம ஆள் கதவைத் திறந்து விடுவான். நீங்க உள்ள போனதும் பூட்டிருவான். குளிச்சு முடிச்சதும் கூப்பிட்டா வந்து திறப்பான்."

"மத்தவங்க?" என்றாள் அக்கா.

"மத்தவங்களுக்கு என்ன மேடம்? கால் நல்லாத்தானே இருக்கு. தடத்துல நடக்கட்டும்."

அக்கா மேசையிலிருந்த நீலக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மௌனத்துக்குப் பழகியவன் நான். எத்தனை நீளமானாலும் அதற்குள் உட்கார எனக்கு ஓர் இடம் கிடைத்துவிடும். அன்றைய மௌனத்தில் மட்டும் கிடைக்கவில்லை. சரி என்று சொல்லு, சரி என்று சொல்லு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"கால் இருக்கறவன் எறங்கக் கூடாது. கால் இல்லாதவ எறங்கலாம்," என்றாள் கடைசியில்.

"அப்படியே வச்சுக்கங்களேன்."

"என்னை உள்ள விட்டுப் பூட்டுவீங்க. மேல மாடத்துல நின்னு எல்லாரும் பாப்பாங்க. மிருகக்காட்சி சாலைல நீர்யானையப் பாக்கற மாதிரி."

"ஐயோ, மேடம், நான் உங்க நல்லதுக்கு..."

"தெரியும் சார். நீங்க நல்லவர்தான். அதுதான் கஷ்டமா இருக்கு. உங்க போர்டு என்ன சொல்லுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். வேண்டாம் என்று. அவள் என் கையை விலக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை.

"இரங்காதீர்னு சொல்லுது. இரக்கம் காட்டாதீங்கன்னு. அதை நம்பித்தான் இத்தன நாளா இங்க வந்துட்டிருக்கேன். இப்ப நீங்களே இரக்க அடிப்படைங்கறீங்க. போர்டை மீறாதீங்க சார்."

அவர் ஜன்னலுக்குப் போனார். கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தார். உதடுகள் எழுத்துக் கூட்டின. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"இதை ஏன் யாருமே சொல்லல?"

"நான்தான் சொல்ல விடல," என்று அக்கா கோலை ஊன்றி எழுந்தாள்.

வெளியே தடத்தில் நடக்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எதுக்குக்கா அதைச் சொன்னே? அந்த எழுத்துதான் நம்மளக் காப்பாத்திட்டிருந்துச்சு."

"அவரு கதவைத் திறந்து பூட்டறேன்னாரு பாரு, அப்பவே அந்த எழுத்து செத்துப்போச்சு."

"உனக்குத் தண்ணிதானே வேணும்? கெடைக்குதுல்ல? சர்டிபிகேட் ஒரு தாளு. கையில வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது. வீம்பு உனக்கு."

அவள் நின்றாள். பக்கத்து எந்திரத்தில் ஒருவர் காற்றில் நடந்துகொண்டிருந்தார். அவருடைய மூச்சு எங்களுக்குக் கேட்டது.

"தண்ணிக்குள்ள நான் நொண்டி இல்லடா. அதுக்குத்தான் போறேன். நொண்டிங்கறதுக்காக உள்ள விட்டான்னா, அப்புறம் அதுக்குள்ளயும் நான் நொண்டிதான். அதுக்கு நான் எதுக்குத் துணிய நனைக்கணும்?"

வீடு வரும் வரை அவளுக்கு ஓரடி பின்னாலேயே நடந்தேன்.

இரண்டொரு நாளில் பலகையில் ற ஏறிவிட்டது. பழைய எழுத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். வெயில் பட்டால் அந்த ஒரு கட்டம் மட்டும் கொஞ்சம் புதுப் பச்சையாகத் தெரிந்தது. இடுப்பளவுக் கதவு ஆளுயரம் ஆகியிருந்தது. பெரிய பூட்டு. அச்சுப் பிழை திருத்தப்பட்டதைப் பார்த்து மனம் கனத்தது அன்றுதான்.

அக்கா ஆற்றுக்குப் போவதை நிறுத்தினாள். தோள்பட்டை இறுகிப்போய் இரவில் புரண்டு படுத்தாள். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றில் இடது கையை வலதில் வைத்துத் தைத்துவிட்டாள். கடை திறந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. பிரித்துத் திரும்பத் தைத்தாள். வீட்டில் அறைக்கு அறை கவசத்தின் தோல் வார் கிறீச்சிடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இத்தனை நடப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ரிவர்ஸைக் கதவுக்கு எதிரே பெஞ்சில் பார்த்தேன். கையில் துண்டு இருந்தது. "நமக்கு எதுக்குங்க வம்பு," என்றார். "நான் பூட்டை மீறினேன்னு தெரிஞ்சா மருமக என்னையும் வெளிய வச்சுப் பூட்டிருவா." ஆனாலும் துண்டோடுதான் வந்திருந்தார்.

பிறகு ஒரு விடுமுறை நாள் காலை. அச்சகம் இல்லை. அக்கா நீளமான மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வா. போட்ல போலாம்."

"நீயா?"

"ஏன், அன்னத்துல போகறதுக்கு ராணியாத்தான் இருக்கணுமா?"

மேலங்கியின் கழுத்துக்குள் அவள் நீந்தத் தைத்துக்கொண்ட கறுப்புத் துணியின் விளிம்பு தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

சீட்டுக் கவுன்ட்டர் பெண் கோலையும் கவசத்தையும் பார்த்துத் தயங்கினாள். "அக்கா, மிதிச்சுதான் ஓட்டணும். உங்களால..."

"தையல் மெஷினுக்கு மோட்டார் வர்ற வரைக்கும் ஒத்தைக் கால்ல மிதிச்சவ நான். அது சரி, இது வாத்தா அன்னமா?"

"அன்னம்."

"அன்னத்துக்கு ஏன் வாத்து மூக்கு?"

"மூக்கு ஒடைஞ்சுபோச்சுக்கா. கடையில இதுதான் கெடைச்சுதாம்."

மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். வாத்து மூக்கு அன்னத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்தோம். கரை விலகியது. மெல்லிசை பின்தங்கியது. ஆற்றின் நடுவில் அக்கா மிதிப்பதை நிறுத்தி மேலங்கியைக் கழற்றினாள். வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கவசத்தை என் மடியில் வைத்தாள். மிதவைச் சட்டையை அதன் மேல் வைத்தாள்.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"வாழ்க்கைல ஒரு தடவையாவது ஆரம்பிச்சத முடிச்சுச் சொல்லேன்டா."

"சட்டையப் போட்டுக்கோன்னு சொல்ல வந்தேன்."

"அதோட நீந்தினா தூளியில போட்ட மாதிரி இருக்கும். நீ நல்லா இறுக்கிக் கட்டிக்கோ. நீதான் நீந்தத் தெரியாதவன்."

கையை விளிம்பில் ஊன்றினாள். அன்னம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் போய்விட்டாள். தண்ணீர் பெரிதாகத் தெறிக்கக்கூட இல்லை.

விசில் இம்முறை கடமைக்காக ஊதப்படவில்லை. காவலாளி கரையோரம் ஊதிக்கொண்டே ஓடினான். பூந்தொட்டிகளில் இசை நின்று, "ஆற்றில் இறங்கியவர் உடனே கரைக்கு வரவும்" என்று ஒரு குரல் வந்தது. ஒலிபெருக்கியில் அது எந்த ர என்று யாருக்கும் தெரிந்திருக்காது. எந்திரங்களில் நடந்தவர்கள் நடப்பதை நிறுத்தினார்கள். மாடத்தின் கண்ணாடியில் முகங்கள் ஒட்டிக்கொண்டன, கைபேசிகள் உயர்ந்தன. தனியாக மிதித்த என் பக்கம் படகு சாய்ந்து, கோணலாக ஒரு வட்டம் போட்டது. வியர்த்துக் கொட்டியது. கண்ணை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை. இத்தனை நாள் இறுகிக் கிடந்த தோள்கள் ஒவ்வொரு வீச்சுக்கும் அவிழ்ந்துகொண்டே வந்தன. மாடத்துக்கு நேர் கீழே போனாள். தண்ணீர் மேல் குரல் தூரம் போகும். "யாரு அது? என்னமா நீந்தறாங்க பாரேன்!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. இன்னொரு குரல், "போட்டிக்குப் பயிற்சியா இருக்கும்," என்றது. நான் மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்கிற அந்தச் சொல்லுக்கு. அது வரவில்லை.

அவள் பழைய படித்துறையில் போய்ச் சேர்ந்தாள். கையை ஊன்றி ஏறி, நனைந்த படியில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள். பூட்டிய கதவுக்கு உள்பக்கம். நான் படகைக் கஷ்டப்பட்டு அந்தத் திசைக்குத் திருப்பியபோது மேற்பார்வையாளர் சாவிக் கொத்தோடு வந்துவிட்டார். கதவுக்கு வெளியே கூட்டம்.

"மேடம், என்ன மேடம் இது? வெளிய வாங்க."

"எப்படி வர்றது சார்? பூட்டியிருக்கே."

அவர் பூட்டைத் திறந்தார். கதவு கிறீச்சிட்டுக்கொண்டு விரிந்தது. "அவங்களத் தூக்குப்பா," என்றார் காவலாளியிடம்.

"தொடாதே தம்பி. என் கால் போட்ல வருது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். ஒரு கையில் இரும்புக் கால், மறு கையில் திசைத்திருப்பி, முட்டி தாடையில் இடிக்க மிதித்துக்கொண்டு வாத்து மூக்கு அன்னத்தில் நான் வருவது அவர் கண்ணில் பட்டிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடைவெளியில்தான் ரிவர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றி நான்காக மடித்துக் கதவுக் கம்பியில் போட்டார்.

"சார், நீங்க எங்க போறீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"பின்னாடி," என்றார் ரிவர்ஸ். முதுகைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு படியில் இறங்கினார். பேருந்தை நிலையத்தில் நுழைப்பது போல இடமும் வலமும் ஒருமுறை பார்த்துவிட்டு மல்லாந்தார்.

உடற்பயிற்சி எந்திரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி காலணிகளைக் கழற்றினார். "நான் கால் மட்டும் நனைச்சுக்கறேன், அவ்வளவுதான்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும், நீயா நானா என்று தள்ளிக்கொண்டு.

"போய் எல்லாரையும் மேல கொண்டா," என்றார் மேற்பார்வையாளர்.

காவலாளி பலகையைப் பார்த்தான். "நான் எறங்கக் கூடாது சார். இப்பதான் சரியா எழுதியிருக்கே."

"கிண்டலா?"

"இல்ல சார். வேலை போயிரும் சார்."

என் படகு படியில் வந்து இடித்தது. அக்கா கையை நீட்டினாள். நான் கவசத்தைக் கொடுக்கப் போனேன். அவள் அன்னத்தின் கழுத்தைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "வச்சிரு. இன்னும் குளிச்சு முடியல," என்றாள்.

"மேடம், இப்படியே பண்ணினீங்கன்னா நாளையிலிருந்து போட்டையும் நிறுத்திருவோம்."

"நிறுத்துங்க. அன்னத்தையும் பூட்டுங்க. அப்படியே ஆத்தையும் எங்கயாவது கட்டிப் போடுங்க, ராத்திரி ஓடிப் போயிறப் போகுது."

"உங்களுக்கு அனுமதி குடுத்தேனே மேடம். வேணாம்னது நீங்கதானே?"

"எனக்குன்னு குடுத்தீங்க. அதான் வேணாம்னேன். இவங்க எல்லாருக்கும் குடுங்க, கூட்டத்தோட கூட்டமா நானும் வாங்கிக்கறேன். வேணும்னா ஆழம் பாத்துக் கயிறு கட்டுங்க, நீந்தத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரைப் போடுங்க. சர்டிபிகேட் மட்டும் கேக்காதீங்க."

அவர் என்னிடம் திரும்பினார். "சார், படிச்சவர் மாதிரி இருக்கீங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் தரையைப் பார்ப்பதுதான் என் பழக்கம். அங்கே பார்க்கத் தரை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அதில் அக்காவின் இரண்டு கால்களும் கோணல்மாணலாக அலைந்தன, எல்லோருடைய கால்களையும் போல.

"கதவைத் திறந்தே வைங்க சார்," என்றேன். சொல்ல ஆரம்பித்ததை முடித்தும் விட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையை ஊன்றி இரண்டு படி நகர்ந்தாள். தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டது. கணவனும் மனைவியும் முட்டியளவு வந்திருந்தார்கள். ரிவர்ஸ் அக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார், வானத்தைப் பார்த்தபடி. மாடத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் கதவுக்கு வெளியே காலணிகளை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

மேற்பார்வையாளர் திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவை மூட வேண்டுமானால் உள்ளே இருப்பவர்கள் முதலில் வெளியே வர வேண்டும். யாரும் வரவில்லை.